நிலம் வடித்த சக்கரம்: ஒற்றைச் சக்கர சைக்கிள் மேடையை விட்டு மலையேறிய வரலாறு

ஒற்றைச் சக்கர சைக்கிள் தோன்றிய நாள்முதல் ஏறத்தாழ நூறு ஆண்டுக் காலம் சமதளத்தின் வண்டியாகவே இருந்தது. சர்க்கஸ் அரங்கு, நாடக மேடையின் மரத்தளம், ஊர்வலம் செல்லும் தெரு ஆகியவற்றைத் தாண்டி அது போகக்கூடும் என்று அதைச் செய்தவர்கள் எண்ணவில்லை. ஓட்டியவர்களிலும் மிகச் சிலரே எண்ணினர். 1980களில் அலாஸ்காவின் கடற்கரையிலும், கனடாவின் மேற்குக் கரைக் காடுகளிலும், கலிஃபோர்னியாவின் மலைத்தடங்களிலும் சிலர் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாமலே அதைக் கரடுமுரடான மண்ணில் இறக்கினர். அடுத்து வந்த முப்பது ஆண்டுகளில் அவ்வண்டியின் அச்சு, கிராங்க், டயர், இருக்கை, சட்டகம் ஆகிய எதுவுமே பழைய நிலையில் எஞ்சவில்லை. இம்மாற்றங்களை ஓட்டுநர்களின் துணிச்சல் வரலாறாக எழுதுவதே வழக்கமாக இருந்துவருகிறது. ஆனால் எந்தப் பாகம் எந்தக் காலத்தில் மாறியது என்று வரிசைப்படுத்திப் பார்க்கும்போது, மணலும் சேறும் வேரும் பாறையும் எந்தப் பாகத்தை முதலில் தோற்கடித்தனவோ அந்தப் பாகமே முதலில் திருத்தப்பட்டிருப்பது புலனாகிறது. அவ்வகையில் இவ்வண்டியின் பிற்கால வடிவத்தைத் தீர்மானித்தது நிலமே எனலாம்.

இதை உணர வண்டியின் இயக்கத்தை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். வழக்கமான ஒற்றைச் சக்கர சைக்கிளில் சங்கிலி இல்லை, கைப்பிடி இல்லை, மிதிக்காமல் விட்டாலும் சக்கரம் தன்போக்கில் உருள வகைசெய்யும் ஃப்ரீவீலும் இல்லை. சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப், தன் ஊடே செல்லும் அச்சோடு அசையாமல் பிணைந்திருக்கிறது. அச்சின் இரு முனைகளிலும் பெடலைத் தாங்கும் கைகளாகிய கிராங்குகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஆகவே பெடல் ஒருமுறை சுற்றினால் சக்கரமும் ஒருமுறைதான் சுற்றும். பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் சக்கரம் நிற்கும், மேலும் அழுத்தினால் பின்னே செல்லும். ஒரு சுற்றில் 20 அங்குலச் சக்கரம் ஏறத்தாழ 1.6 மீட்டரும், 24 அங்குலச் சக்கரம் 1.9 மீட்டரும், 36 அங்குலச் சக்கரம் 2.9 மீட்டரும் நகர்கின்றன. உள்ளங்கையில் கோலை நிறுத்தும் சிறுவன் கோல் சாயும் பக்கம் கையை நகர்த்திக்கொண்டே இருப்பதைப்போல, ஓட்டுபவர் தம் உடல் முன்னே சாயும்போது சக்கரத்தை விரைவாக்கியும், பின்னே சாயும்போது மெதுவாக்கியும் அதைத் தம் உடலுக்கு நேர்கீழே வைத்துக்கொள்கிறார். பக்கவாட்டுச் சாய்வை இடுப்பைத் திருப்பிச் சக்கரத்தின் திசையை மாற்றுவதன் மூலம் சமன்செய்கிறார்.

சமதளத்தில் இந்தத் திருத்தங்கள் சிறியவை. ஓட்டுபவரே உண்டாக்கிய சாய்வை ஓட்டுபவரே சரிசெய்கிறார். கரடுமுரடான நிலத்தில் சாய்வை நிலமும் உண்டாக்குகிறது. இரு சக்கர சைக்கிளின் முன்சக்கரம் ஒரு கல்லில் மோதினால் பின்சக்கரம் உடலைத் தாங்கி நிற்கும், கைப்பிடி அதிர்வின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். ஒற்றைச் சக்கரத்திலோ தாங்கும் புள்ளி ஒன்றுதான். அது தடைபட்டால் சக்கரம் நிற்க, உடல் முன்னே போய்விடும். இதனோடு இன்னொரு இடரும் சேர்கிறது. கிராங்குகள் தரைக்கு இணையாகக் கிடக்கும்போதுதான் காலின் அழுத்தம் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றும் விசையாக மாறுகிறது. ஒன்று மேலும் ஒன்று கீழுமாகச் செங்குத்தாக நிற்கும் கணத்தில் எவ்வளவு மிதித்தாலும் விசை பிறப்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வரும் இந்த வெறுங்கணத்தில் வேரோ கல்லோ எதிர்ப்பட்டால் வண்டி நின்றுவிடும். ஆகவே காட்டுத்தடத்தில் ஓட்டுபவர் சில மீட்டர் தொலைவிலேயே தடையைக் கண்டு, அதை அடையும் நேரத்தில் கிராங்குகள் கிடைநிலையில் இருக்குமாறு சுற்றுகளைக் கணித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒற்றைச் சக்கர ஓட்டத்தின் நுட்பங்களில் சமதள ஓட்டக்காரர் ஒருபோதும் கற்கத் தேவையில்லாதது இதுவே.

வண்டியின் தோற்றத்தை விரிவாகப் பேச இங்கு இடமில்லை. 1860களின் இறுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரே சக்கரத்தில் ஓடும் பலவகை வண்டிகள் வரையப்பட்டன. அவற்றுள் பல, ஓட்டுபவர் பெரிய வளையத்தின் உள்ளே அமரும் வகையைச் சேர்ந்தவை, இன்றைய வண்டியோடு உறவில்லாதவை. பொதுவாக ஏற்கப்படும் விளக்கம் 1870களில் இங்கிலாந்தில் பரவிய பென்னி ஃபார்த்திங் என்னும் உயர்சக்கர சைக்கிளிலிருந்து தொடங்குகிறது. மிகப் பெரிய முன்சக்கரமும் மிகச் சிறிய பின்சக்கரமும் கொண்ட அவ்வண்டியில் பெடல்கள் முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்தன. திடீரென வேகத்தைக் குறைத்தால் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பும். அப்படி எழும்பிய நிலையிலேயே சற்றுத் தூரம் ஓட்டப் பழகியவர்கள் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டும் ஓட்ட முடியும் என்று கண்டனர் என்பதே அவ்விளக்கம். 1885ஆம் ஆண்டில் ஜான் கெம்ப் ஸ்டார்லி கவென்ட்ரி நகரில் வெளியிட்ட ரோவர் சைக்கிளில் சங்கிலியும் ஏறத்தாழச் சம அளவுள்ள இரு சக்கரங்களும் அமைந்தன. 1888ஆம் ஆண்டில் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். சாலை இவ்விரு கண்டுபிடிப்புகளின் உடைமையாயிற்று. உயர்சக்கரம் மறைந்தது; அதன் எச்சமாகிய ஒற்றைச் சக்கரம் வேடிக்கைக் கலைஞரின் கைக்குப் போனது.

மேடைக்குப் போன வண்டி மேடைக்கேற்பவே வளர்ந்தது. சிறிய சக்கரம், மெல்லிய டயர், குறைந்த எடை, சில நிமிட நிகழ்ச்சிக்குப் போதுமான இருக்கை ஆகியவை அதன் இயல்புகளாயின. சங்கிலியால் இயங்கும் உயரமான வகை மேடையில் தொலைவிலிருந்தும் தெரிய வேண்டும் என்பதற்காகவே பிறந்தது. ஒட்டகச்சிவிங்கியின் பெயரால் அது ஜிராஃப் எனப்படுகிறது. இந்தியாவிலும் இவ்வண்டி சர்க்கஸ் வழியாகவே அறிமுகமாயிற்று. கேரளத்தின் தலச்சேரியில் பயின்ற கலைஞர்களைக் கொண்ட சர்க்கஸ் குழுக்கள் தமிழ்நாட்டின் ஊர்களில் கூடாரமடித்த காலத்தில் அதை நேரில் கண்டவர்கள் பலர். அக்கலைஞர்களின் உடற்கட்டுப்பாட்டுக்கும் பயிற்சிக்கும் பின்வந்த மலையோட்டக்காரர்கள் எவ்வகையிலும் மேம்பட்டவர்கள் அல்லர் என்பதை இங்குச் சொல்ல வேண்டும். ஆனால் மேடை வண்டியிடம் எதையும் வற்புறுத்திக் கேட்கவில்லை. பல பத்தாண்டுகள் அதன் பொறியமைப்பு ஏறத்தாழ ஒரே நிலையில் நின்றதற்குக் காரணம் இதுவே.

மேடைக்கு வெளியே வண்டி முதலில் சந்தித்த நிலம் நெடுஞ்சாலை. அமெரிக்க மேடைக் கலைஞரான வால்டர் நில்சன் 1930களின் முற்பகுதியில் தம் நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைவரை ஒற்றைச் சக்கரத்தில் சென்றார். கனடாவின் வாலி வாட்ஸ் 1976ஆம் ஆண்டு தொடங்கி 1978ஆம் ஆண்டுவரை பல நாடுகளில் ஏறத்தாழ 19,000 கிலோமீட்டர் ஓட்டினார். 1984ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த தீபக் லேலே நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ்வரை ஓட்டிய 6,378 கிலோமீட்டர் ஒரு சாதனையாகப் பதிவாயிற்று; இந்தியர் ஒருவரின் இச்செயல் இந்தியாவில் அடைந்திருக்க வேண்டிய புகழை அடையவில்லை. சாலை நீளமானது, ஆனால் மிருதுவானது. அது ஓட்டுபவரின் தொடையையும் இருக்கையையும் சோதித்ததே தவிர அச்சையும் கிராங்கையும் சோதிக்கவில்லை. இதே காலத்தில் ஓட்டக்காரர்களுக்கிடையே அமைப்புகளும் உருவாயின. அமெரிக்க ஒற்றைச் சக்கர சைக்கிள் சங்கம் 1973ஆம் ஆண்டிலும், சர்வதேசக் கூட்டமைப்பு 1982ஆம் ஆண்டிலும் தோன்றின. யூனிகான் எனப்படும் முதல் உலகக் கூடுகை 1984ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் நடந்தது. அங்கு நடந்தவை ஓடுதளப் பந்தயங்களும் கலைநிகழ்ச்சிகளுமே.

மண்ணில் இறங்கியவர்களுள் பெயர் தெரிந்த முன்னோடி ஜார்ஜ் பெக். அலாஸ்காவின் தென்கரையில், மலைகள் கடலுக்குள் நேராக இறங்கும் ரெசரெக்‌ஷன் விரிகுடாவின் தலைப்பில் அமைந்த சீவார்ட் என்னும் சிற்றூரில் அவர் நீதித்துறைப் பணியில் இருந்தார். சமமான தளம் அரிதான ஊர் அது; ஆண்டின் பெரும்பகுதி பனியும் மழையும் மாறிமாறி ஆள்வன. அங்கு வாழும் ஒருவர் ஒற்றைச் சக்கரத்தைத் தொடர்ந்து ஓட்ட விரும்பினால், கூழாங்கற்கள் நிறைந்த கடற்கரை, ஒதுங்கிக் கிடக்கும் மரக்கட்டைகள், காட்டுத்தடம், இறுகிய பனி ஆகியவற்றையே ஓட்டுதளமாகக் கொள்ள வேண்டும். பெக் அதைத்தான் செய்தார். தாம் கற்ற முறைகளை அவர் கரடுமுரடு நிலத்தில் ஒற்றைச் சக்கர ஓட்டம் என்னும் பொருள்படும் தலைப்பில் ஒளிநாடாவாகவும் பதிவுசெய்தார். கட்டைமீது ஏறுவதும் கல்லிலிருந்து கல்லுக்குத் தாவுவதும் இயலுமா என்று ஐயுற்றிருந்தவர்களுக்கு அந்த நாடா கண்முன் நின்ற சான்றாயிற்று. ஒரு கலை வாய்மொழி நிலையிலிருந்து கற்பிக்கத்தக்க நிலைக்கு நகர்ந்த தருணமாக அதைக் கொள்வது பொருந்தும்.

ஒவ்வொரு நிலமும் தனக்கே உரிய முறையில் வண்டியை எதிர்க்கிறது. மணலில் டயர் புதைந்து, தனக்கு முன்னே தானே ஒரு மேட்டைக் குவித்துக்கொள்கிறது. ஓட்டுபவர் முடிவில்லாத ஏற்றத்தில் மிதிப்பவராகிறார். அலை வடிந்த ஈரமணலோ தார்ச்சாலைக்கு நிகராக இறுகியிருக்கும், ஆனால் அதன் அகலம் சில அடிகளே. புல்வெளி, விழுந்தால் வலிக்காது என்னும் எண்ணத்தால் தொடக்கக்காரரை ஈர்க்கிறது. உண்மையில் அதன் மறைந்த மேடுபள்ளங்களும் இழுவையும் கற்பதைக் கடினமாக்குகின்றன. மிதிபட்டு இறுகிய பனி நல்ல தளம். மேலோடு மட்டும் உறைந்த பனி எச்சரிக்கையின்றி உடைந்து சக்கரத்தை விழுங்கும். சேறு டயரோடு ஒட்டி எழுந்து சட்டகத்தின் கவைக்குள் அடைபடுகிறது. மேடை வண்டியின் கவைக்கும் டயருக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளியே இருந்ததால், சேற்றில் அது சில நிமிடங்களில் உருள மறுத்தது. பின்னாளில் அகன்ற கவைகள் இச்சிக்கலைக் குறைத்தன. சரளைக்கல் பக்கவாட்டில் நழுவும். இடுப்பைத் திருப்பித் திசையை மாற்றும் பழைய உத்தி அங்குச் சக்கரத்தைத் தரையில் சுழலவிடுமே தவிர உடலைத் திருப்பாது.

வேர்களின் இயல்பை அறிய வேண்டுமானால் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்குச் செல்ல வேண்டும். வான்கூவர் நகரின் வடக்கே, கடற்கழிக்கு அப்பால் எழும் மலைச்சரிவுகள் நார்த் ஷோர் என்று அழைக்கப்படுகின்றன. மழைக்காடுகளான அங்குச் செடார் மரங்களின் வேர்கள் தடத்தின் குறுக்கே பின்னிக் கிடக்கும். ஈர வேரைச் செங்கோணத்தில் கடந்தால் டயர் பிடிக்கும், சாய்வாகத் தொட்டால் வழுக்கும். 1980களிலும் 1990களிலும் மலைச்சைக்கிள் ஓட்டுநர்கள் அங்குச் சதுப்பையும் பள்ளத்தையும் கடக்க விழுந்த மரங்களாலும் பிளந்த பலகைகளாலும் குறுகிய பாலங்களை அமைத்திருந்தனர். 1973ஆம் ஆண்டில் பிறந்து அதே மாகாணத்தின் விக்டோரியாவில் வளர்ந்த கிரிஸ் ஹோல்ம், ஒற்றைச் சக்கரத்தில் அமர்ந்து வயலின் வாசித்த தெருக்கலைஞர் ஒருவரைக் கண்டு, தம் 12ஆம் பிறந்தநாளுக்கு அத்தகைய வண்டியைப் பெற்றார். அவர் அதை ஊரின் தெருக்களைவிடப் பாறைகளிலும் காட்டுத்தடங்களிலுமே மிகுதியாக ஓட்டினார். பிறகு நார்த் ஷோரின் பாலங்களையும் சரிவுகளையும் தம் பயிற்சிக்களமாக்கினார். தொழிலால் அவர் நிலச்சரிவு முதலான இயற்கை ஆபத்துகளை ஆராயும் புவியியல் அறிஞர். சரிவின் இயல்பைக் கற்றறிந்த ஒருவரே சரிவுக்கேற்ற வண்டியை வடிவமைக்கவும் முன்வந்தது இவ்வரலாற்றின் நற்பேறு.

கலிஃபோர்னியாவில் ஜான் ஃபாஸ் போன்றோர் உலர்ந்த, கல் நிறைந்த மலைத்தடங்களில் ஓட்டிவந்தனர். 1996ஆம் ஆண்டில் அம்மாநிலத்தில் மலையோட்டக்காரர்களுக்கென்றே ஒரு வார இறுதிக் கூடுகை நடந்தது. தனித்தனியே பழகியவர்கள் அதில் ஒன்றுகூடினர். அக்கால மலையோட்ட வண்டிகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் உடைந்தன. அந்த இடம் அச்சும் கிராங்கும் சேரும் மூட்டு.

தமிழ்நாட்டின் சைக்கிள் கடைகளில் காட்டர் பின் என்றால் தெரியாதவர் இலர். கிராங்கின் துளை வழியே அச்சை அழுத்திப் பிடிக்கும் ஆப்பு அது. பழைய ஒற்றைச் சக்கர வண்டிகளின் மூட்டும் அதுவே. பின்னர் அதன் இடத்தைச் சதுரமுனை அச்சு பிடித்தது. அதாவது, அச்சின் முனை சற்றே கூம்பிய சதுரமாகச் செதுக்கப்பட்டு, அதே வடிவத் துளையுள்ள கிராங்க் அதன்மேல் ஏற்றப்பட்டு, மரையாணியால் இறுக்கப்படும். இரு சக்கர சைக்கிளில் இம்மூட்டு நெடுங்காலம் உழைக்கும், ஏனெனில் அங்கு விசை பெரும்பாலும் ஒரே திசையில்தான் செல்கிறது. தாவி இறங்கினாலும் அந்த அதிர்ச்சி இரு சக்கரங்களுக்கும் பகிரப்படுகிறது. ஒற்றைச் சக்கரத்தில் ஓட்டுபவர் ஒவ்வொரு சுற்றிலும் முன்னும் பின்னுமாக அழுத்தி நிலைப்படுத்துவதால், மூட்டு இரு திசைகளிலும் மாறிமாறி முறுக்கப்படுகிறது. அதற்கும் மேலாக, ஒரு பாறையிலிருந்து கீழே குதிக்கும்போது ஓட்டுபவர் கிராங்குகளைக் கிடைநிலையில் வைத்துப் பெடல்கள்மேல் நின்றே இறங்குகிறார். உடலின் முழு எடையும், விழுந்த உயரத்தின் வேகமும், அந்தச் சிறிய சதுரத்தின் விளிம்புகளில் ஒரே கணத்தில் இறங்குகின்றன. எஃகு அச்சு முறுக்கிக்கொள்ளும், அல்லது கிராங்கின் சதுரத்துளை தேய்ந்து வட்டமாகும். சதுரம் ஒருமுறை தளர்ந்துவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் அது மீண்டும் நிலைப்பதில்லை. 1990களின் மலையோட்டக்காரர் உதிரி அச்சும் கிராங்கும் வாங்குவதிலேயே தம் பொருளைச் செலவிட்டார் என்றால் அது மிகையாகாது.

இதற்கான விடை வேறொரு விளையாட்டிலிருந்து வந்தது. சிறு சக்கரமும் உறுதியான உடலும் கொண்ட பிஎம்எக்ஸ் சைக்கிள்களில், அச்சின் முனையில் நீளவாக்கில் பல பற்களைச் செதுக்கி, அதே பற்களுடைய கிராங்கை அதன்மேல் ஏற்றும் முறை வழக்கத்தில் இருந்தது. ஸ்ப்லைன் எனப்படும் இவ்வமைப்பில் விசை நான்கு முகங்களுக்குப் பதிலாகப் பல பற்களில் பரவுகிறது. 1990களின் இறுதியில் இது ஒற்றைச் சக்கர ஹப்புக்கு மாற்றியமைக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டில் ஹோல்ம் தம் பெயரிலேயே வண்டி வடிவமைப்பைத் தொடங்கினார். அதே காலத்தில் இணையவழி விற்பனையும் தோன்றியதால், சிற்றூரில் வாழ்ந்த தனி ஓட்டக்காரருக்கும் இப்பாகங்கள் எட்டின. தொடக்கத்தில் ஸ்ப்லைன் ஹப்பின் விலை ஒரு முழு மேடை வண்டியின் விலையைவிட அதிகம். சைக்கிள் தொழிலில் பொதுத்தரமாக இருந்த பத்துப் பற்கள் கொண்ட ஐசிஸ் அமைப்பு ஒற்றைச் சக்கரத்துக்கும் வந்தபின்பே, பல நிறுவனங்களின் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தவும் விலை இறங்கவும் வழி பிறந்தது. ஒரு சிறிய மூட்டைப் பற்றி இவ்வளவு விரிவாகப் பேசக் காரணம் உண்டு. அந்த மூட்டு உறுதிப்பட்ட பின்னரே இன்று காணப்படும் தாவல்களும் வீழ்ச்சிகளும் உடற்பயிற்சியின் எல்லைக்குள் வந்தன. அதற்கு முன் ஒருவர் எவ்வளவு திறமை பெற்றாலும் இரும்பு அவரைத் தடுத்தது.

டயரின் வரலாறு இதைவிட எளியது, ஆனால் பயனில் குறைந்ததன்று. இவ்வண்டியில் அதிர்வைத் தாங்கும் சுருள்வில் ஏதும் இல்லை. டயருக்குள் இருக்கும் காற்று ஒன்றே அந்த வேலையைச் செய்கிறது. மலையிறக்கப் பந்தய சைக்கிள்களுக்காக 1990களின் இறுதியில் வந்த 3 அங்குல அகல டயர்களை மலையோட்டக்காரர்கள் உடனே பற்றிக்கொண்டதற்குக் காரணம் அதுவே. 24 அங்குல ரிம்மில் 3 அங்குல டயரைப் பொருத்தினால் அதன் வெளிவிட்டம் 26 அங்குலத்தை நெருங்கும்; சிறு கற்களின்மேல் அது தயங்காமல் ஏறும். காற்றைக் குறைத்தால் டயர் வேரைச் சுற்றி வளைந்து பிடிக்கும், ஆனால் மிகக் குறைத்தால் கூரிய கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கிக் கிழியும். சமதளத்தில் திரும்பும்போது வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கவும் செய்யும். கனமான ஓட்டுநர், இலேசான ஓட்டுநர், உலர்ந்த தடம், ஈரத்தடம் என்று ஒவ்வொன்றுக்கும் காற்றின் அளவு வேறு. பழகியவர்கள் டயரைப் பெருவிரலால் அமுக்கியே அதை அறிகின்றனர்.

பல்சக்கர மாற்றி இல்லாத வண்டியில் கிராங்கின் நீளமே கியர். 24 அங்குலச் சக்கரத்தின் ஆரம் ஏறத்தாழ 305 மில்லிமீட்டர். அதில் 150 மில்லிமீட்டர் கிராங்கைப் பூட்டினால் பெடலில் கொடுக்கும் விசையில் பாதி தரையில் கிடைக்கும். 36 அங்குலச் சக்கரத்தில் 125 மில்லிமீட்டர் கிராங்கைப் பூட்டினாலோ கால்பங்கைச் சற்று மிஞ்சிய அளவே கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் நெடுந்தொலைவு நகரலாம். செங்குத்தான நிலத்துக்கு நீண்ட கிராங்கும், சாலைக்குக் குட்டைக் கிராங்கும் பொருந்துவது இதனால்தான். இறக்கத்தில் விசையின் வேலை தலைகீழாகிறது. சக்கரம் தன்போக்கில் உருளாததால் ஒவ்வொரு சுற்றையும் ஓட்டுபவர் தம் தொடையால் எதிர்த்துத் தடுக்க வேண்டும். நீண்ட மலையிறக்கத்தில் ஏற்றத்தைவிட மிகுந்த களைப்பு இதனால் உண்டாகிறது. சைக்கிளுக்கான ஹைட்ராலிக் ரிம் பிரேக்கை இருக்கையின் முன்னுள்ள பிடிக்குக் கீழே ஒரு நெம்புடன் பொருத்திக்கொண்டபின் இது மாறியது; பின்னர் டிஸ்க் பிரேக்கும் வந்தது. இங்குப் பிரேக்கின் வேலை வண்டியை நிறுத்துவதன்று, ஏனெனில் திடீரென நிறுத்தினால் ஓட்டுபவர் முன்னே எறியப்படுவார். விரலால் மெல்ல அழுத்திச் சீரான இழுவையை உண்டாக்கி, தொடையின் சுமையைக் குறைப்பதே அதன் பணி. இருக்கையும் இதே காலத்தில்தான் உருமாறியது. மேடை இருக்கையின் தட்டையான பஞ்சுமெத்தை நெடுநேர ஓட்டத்தில் தந்த வலியைத் தாங்காமல், 1990களின் ஓட்டக்காரர்கள் சைக்கிள் டியூப் ஒன்றை மடித்து உறைக்குள் நுழைத்துக் காற்றடைத்தனர். பின்னர் உள்வளைந்த வடிவ இருக்கைகளும் உறுதியான பிடிகளும் விற்பனைக்கு வந்தன. கைப்பிடி இல்லாத வண்டியில் அந்தப் பிடி பெற்ற இடம் பெரிது; தாவும்போது சக்கரத்தை உடலோடு சேர்த்துத் தூக்குவதும், ஏற்றத்தில் பெடலுக்கு எதிராகக் கை இழுப்பதும் அதைப் பற்றித்தான்.

இத்தனை மாறிகள் ஒரே வண்டியில் கூடுவதால், புதிய வண்டியைப் பலவகை நிலத்தில் ஓட்டிப் பார்ப்பது இவ்வோட்டக்காரரிடையே ஒரு முறையான வழக்கமாகவே நிலைபெற்றுவிட்டது. முதலில் தார்த்தளத்தில் சிறிது ஓட்டியபின் கிராங்கின் ஆணிகளை மீண்டும் இறுக்குகின்றனர், ஏனெனில் புதிய மூட்டு முதற்சுமையில்தான் தன் இடத்தில் அமர்கிறது; சட்டகம் பேரிங்குகளைப் பற்றும் மூடிகளின் ஆணிகளையோ மிகையாக இறுக்காமல் பார்த்துக்கொள்கின்றனர், இறுக்கினால் சக்கரம் தடையின்றிச் சுழலாது. அடுத்து வருவது புல்வெளி. இருக்கையின் உயரம் சரியா என்பதை அது காட்டும். சாலையில் கால் ஏறத்தாழ நீளும் அளவுக்கு உயர்ந்திருந்த இருக்கையைக் காட்டுத்தடத்துக்குச் சில சென்டிமீட்டர் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் பெடல்கள்மேல் எழுந்து நிற்க இடமிராது. சரளைத்தளம் டயரின் காற்றளவைச் சொல்லும். ஏற்றம் கிராங்கின் நீளத்தைச் சொல்லும். வேர்களும் படிகளும் கடைசியில் வருகின்றன. அங்குப் புதிய ஹப்பிலிருந்து கிரீச்சொலி எழுந்தால் மூட்டு தளர்கிறது என்று பொருள். ஆணிமுனைகள் பதித்த பெடல் காலணியை நன்றாகப் பற்றும், தவறினால் முழங்காலின் கீழ்ப்பகுதியைக் கிழிக்கும். ஆகவே முன்காலுக்குக் காப்பு அணியாமல் பழகியவர்கள் இச்சோதனையைத் தொடங்குவதில்லை.

நிலவகைகள் போட்டி விதிகளுக்குள்ளும் நுழைந்தன. ஓடுதளப் பந்தயத்தில் 24 அங்குல வகுப்புக்கு டயரின் வெளிவிட்டம் 618 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, கிராங்க் 125 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று சர்வதேசக் கூட்டமைப்பு வரையறுத்திருந்தது. சமதளத்தில் வெற்றியைத் தீர்மானிக்கும் பொறியளவுகளை ஒன்றாக்கி, மனிதரை மட்டும் ஒப்பிடும் நோக்கம் அது. மலைப்போட்டியில் அந்த நோக்கம் பொருந்தவில்லை. மலையேற்றம், நாட்டுத்தடம், மலையிறக்கம் என்று நிலத்தை வகைப்படுத்தி, வண்டியை ஓட்டுநரின் தேர்வுக்கே விட்டுவிட்டனர். மரக்கட்டை, பாறை, அடுக்கிய பலகை ஆகியவற்றைக் கால் ஊன்றாமல் கடக்கும் டிரயல்ஸ் என்னும் பிரிவும் சேர்ந்தது. 2002ஆம் ஆண்டில் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த உலகக் கூடுகையில் அப்பிரிவில் ஹோல்ம் முதலிடம் பெற்றார். விதியால் வண்டியை ஒன்றாக்காமல் நிலத்திடமே தீர்ப்பை விட்டது சரியான முடிவு; வடிவமைப்பு வளர்ந்துகொண்டே இருக்க அதுவே இடமளித்தது.

போட்டிகளைவிட இவ்வண்டியின் எல்லையை நன்கு காட்டியவை நெடும்பயணங்கள். ஹோல்மும் சக ஓட்டக்காரர் நேதன் ஹூவரும் இமயமலையின் பூட்டான் நாட்டில் கழுதைப்பாதைகளிலும் கற்படிகளிலும் ஓட்டிய பயணம் 2002ஆம் ஆண்டில் ஓர் ஆவணப்படமாக வெளிவந்தது. மெக்சிகோவில் 5,600 மீட்டருக்கு மேல் உயர்ந்த பிகோ டி ஒரிசாபா எரிமலையின் சரிவிலும் ஹோல்ம் இறங்கினார்; காற்று மெலிந்த உயரத்தில், எரிமலைச் சாம்பலும் பனியும் கலந்த சரிவில், ஓய்வெடுக்க விடாத சக்கரத்தோடு இறங்குவது எத்தகையது என்பதை அதைச் செய்தவரே அறிவர். சாலைப்பயணமும் புதுவடிவம் கொண்டது. அமெரிக்காவின் கோக்கர் டயர் நிறுவனம் 1990களின் இறுதியில் 36 அங்குலக் காற்று டயரை வெளியிட்டது. உயர்சக்கர சைக்கிளோடு மறைந்துபோன பெருஞ்சக்கரம் அதனால் திரும்ப வந்தது. நிமிடத்துக்கு 90 சுற்று மிதிப்பவர் அதில் மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் செல்லலாம். சுவிட்சர்லாந்தின் ஃப்ளோரியன் ஷ்லம்ப், பெடலின் ஒரு சுற்றுக்குச் சக்கரத்தை ஒன்றரைச் சுற்றுச் சுழற்றும் கியரை ஹப்புக்குள்ளேயே அடக்கினார்; அச்சின் முனையிலுள்ள பொத்தானைக் குதிகாலால் தட்டி ஓட்டத்தினூடே கியரை மாற்றலாம். 2008ஆம் ஆண்டில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 800 கிலோமீட்டர் தொடர் ஓட்டப் பந்தயம் நடைபெற இத்தகைய வண்டிகளே வழிவகுத்தன. இங்கிலாந்தின் எட் பிராட் 2015ஆம் ஆண்டில் புறப்பட்டு 2018ஆம் ஆண்டில் ஊர் திரும்பியபோது, 36 அங்குலச் சக்கரம் ஒன்றில் உலகைச் சுற்றி முடித்திருந்தார்.

மலைத்தடத்துக்கு எந்த அளவுச் சக்கரம் ஏற்றது என்னும் கேள்வி இன்னும் தீரவில்லை. 2000களில் 24 அங்குல ரிம்மும் 3 அங்குல டயருமே மலையோட்டத்தின் அடையாளமாகக் கருதப்பட்டன. அடுத்த பத்தாண்டில் 26, 27.5, 29 அங்குலச் சக்கரங்கள் தடங்களில் பெருகின. பிரேக் வந்தபின் இறக்கத்தில் நீண்ட கிராங்கின் தேவை குறைந்ததால், குட்டைக் கிராங்கும் பெரிய சக்கரமும் சேர்ந்து வேகத்தைக் கூட்டின. இருந்தும் நார்த் ஷோரைப்போல் வேரும் படியும் அடர்ந்த சரிவுகளில் நொடியில் நிறுத்தவும் நின்ற இடத்தில் தாவவும் இசைவான சிறிய சக்கரத்தையே பலர் விரும்புகின்றனர். நீண்ட, திறந்த மலைத்தடங்களில் அதே ஓட்டுநர்கள் 29 அங்குலச் சக்கரத்துக்கு மாறுகின்றனர். ஒரே ஓட்டக்காரர் இரண்டு மூன்று சக்கரங்களை வைத்துக்கொண்டு, செல்லும் தடத்தைக் கேட்டறிந்தபின் வண்டியைத் தேர்ந்தெடுப்பதே இப்போதைய நடைமுறை.